தூண்டியவர்: பெயர் தெரியாத நபர்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பார்த்துச் சிரிப்பதைவிட இது மேல். ஆவணி முதல் வியாழக்கிழமை, கும்பகோணத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தும் முதுகெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அப்போது வக்கீல் கமருன்னிஸா சொன்னார்:

"எழுதணும்னா எழுதுங்க சார், நான் தடுக்கல. ஆனா 'நான்'னு எழுதினா அது வாக்குமூலம். 'அவர்'னு எழுதினா கதை. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

ஆகவே, அவர். துரைராசு என்று பெயர் வைக்கிறேன். வயது நாற்பத்தேழு. ஊர், குடவாசலுக்குக் கிழக்கே ஆலங்கரை (வரைபடத்தில் தேடாதீர்கள்). உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியர். ஊரில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம். இரண்டு சிறுகதைத் தொகுதிகள் வெளிவந்திருக்கின்றன. இரண்டாவதை யாரும் வாங்கவில்லை. முதலாவதையும்தான்.

2

முதல் தொடக்கம்: "ஆடி பிறந்தால் காவிரியில் புதுவெள்ளம் நுரைத்துக்கொண்டு—"

அடித்துவிட்டேன். அந்த ஆடியில் எங்கள் பக்கம் நுரை மட்டும்தான் வந்தது.

இரண்டாம் தொடக்கம்: "இன்ஸ்பெக்டரின் மேசைமேல் ஒரு பென்டிரைவ் கிடந்தது. அதற்குள் ஒரு குரல் இருந்தது." இது சினிமா. மேலும் துரைராசு அந்த மேசையைப் பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பத்து நாளாக போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவிலேயே நடக்காமல், சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்.

மூன்றாவது, இருப்பதை இருப்பது போல: மேட்டூர் திறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், ஐந்து நாள் திறப்பு, ஐந்து நாள் அடைப்பு. கடைமடையில் இருக்கும் ஆலங்கரைக்கு நான்காம் நாள் சாயங்காலம் தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஐந்தாம் நாள் காலை மதகை அடைத்துவிடுவார்கள். அடுத்த இரண்டு முறையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேலே இருந்த தலைப்பு மதகின் ஷட்டருக்குப் பூட்டுப் போட்டார்கள். மதகருகே ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை உத்தரவும் ஒட்டினார்கள். நட்ட குறுவை வெடிப்புக்குள் நின்றது. கால் வைத்தால் கணுக்கால்வரை உள்ளே போகிற வெடிப்பு.

ஊர் கூடிப் பேசியது. மறுநாள் காலை ஏழு ஊரும் சேர்ந்து போய் ஷட்டரைத் தூக்கிவிடுவதென்று முடிவாயிற்று. ஏழு ஊருக்கும் சொல்லியாக வேண்டும். சொல்வதற்குச் செவ்வந்தி இருந்தார்.

3

செவ்வந்தியின் குரலைக் கேட்காதவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கும்பாபிஷேகம், இன்னார் இறைவனடி சேர்ந்தார், எல்லாம் அவர்தான். ஆட்டோவின் மேல் கட்டிய குழாயில் அந்தக் குரல் தெருவுக்குள் நுழைந்தால், சோற்றில் கை வைத்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்பார்கள். வயது முப்பத்தொன்பது. பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே போனை வைத்துப் பேசிப் பதிவு செய்வார். அப்படிச் செய்தால் எதிரொலி வராது என்று அவராகவே கண்டுபிடித்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் துரைராசு வீட்டு வயலில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது அவர் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைக்கிறார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் வானதி என்றொரு மகள்.

[துரைராசு அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். இங்கே நான் 'அவர்', 'இவர்' என்று எழுதுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.]

என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதித் தரும் வேலை துரைராசுவிடம் வந்தது. "சார், நீங்கதான் எழுத்தாளரு. நறுக்குனு நாலு வரி போட்டுக் குடுங்க" என்றார்கள். நாற்பத்தேழு வருடத்தில் ஊரார் அவரை எழுத்தாளர் என்று சொன்னது அன்றைக்குத்தான். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு வரி கேட்டவர்களுக்குப் பதினோரு வரி எழுதினார்.

அதில் கடைசி வரி ஊருக்குப் பழக்கமானது: "வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டியோட." வருடா வருடம் வாய்க்கால் வெட்டுக்குக் கூப்பிடுவது இந்த வார்த்தையில்தான். எந்த வீட்டிலிருந்தாவது ஆள் வராமல் போனால் அந்த வீட்டுப் பெயரை எல்லார் முன்னாலும் வாசித்துவிடுவார்கள். அதனால் வராமல் இருக்க மாட்டார்கள்.

ஆறாம் வரிதான் துரைராசுவின் பெருமை. "கீழ்ப்படிதல் என்பது ஓர் ஒப்பந்தம், நீரை மறுக்கும் அரசு அவ்வொப்பந்தத்தைத் தானே கிழித்தெறிகிறது." எழுதி முடித்து, எழுந்து நின்று, மூன்று தடவை தனக்குத் தானே வாசித்துப் பார்த்தார்.

செவ்வந்தி தாளை வாங்கிப் படித்தார். "இதை அப்படியே படிக்கணுமா சார்?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றார் துரைராசு.

மறுநாள் தஞ்சாவூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. எப்போதும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர், அன்றைக்கு விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அன்று காலையிலேயே ஆட்டோ ஏழு ஊரையும் சுற்றியபோது அவர் ஊரில் இல்லை. குழாயில் என்ன கேட்டது என்று அப்புறம் யாரையும் விசாரிக்கவும் இல்லை.

[இந்த இடத்துக்கு ஒரு கௌரவமான காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் முயன்றேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை, தலைமையாசிரியர் கட்டாயப்படுத்தினார், இப்படி. எதுவும் பொருந்தவில்லை. பயந்துகொண்டு போனார், அவ்வளவுதான்.]

4

மதகில் நடந்ததைக் கேள்விப்பட்டதை வைத்துத்தான் எழுத முடியும். முந்நூறு பேர், முந்நூறு மண்வெட்டி. ஷட்டரைக் காவல் காக்கும் லஸ்கர் கண்ணுசாமி, "சாவி என்கிட்ட இல்லப்பா, பூட்டும் என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். பூட்டு உடைந்தது. ஷட்டரைத் தூக்கிய பிறகு இரண்டு மணி நேரம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. போலீஸ் வந்து ஷட்டரை இறக்கியது. மதியத்துக்குள் பதினோரு ஆண்களையும் செவ்வந்தியையும் கைது செய்தார்கள்.

நாலாம் நாள் பதினோரு பேருக்கும் ஜாமீன் கிடைத்தது. செவ்வந்திக்குக் கிடைக்கவில்லை. அவர் பெயருக்கு எதிரே மட்டும் இன்னொரு பிரிவு சேர்ந்திருந்தது.

5

அந்தப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம்.

பழைய சட்டத்தில் அதற்கு 124-ஏ என்று எண். தமிழில் 'ராஜத்துரோகம்' என்றார்கள். வெள்ளைக்காரன் குற்றவியல் சட்டம் கொண்டுவந்தபோது அது உள்ளே இல்லை. பத்து வருடம் கழித்து நினைவு வந்து சேர்த்துக்கொண்டான். ராஜா போனார், ராணி போனார், நாடு குடியரசாகி எழுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. சொல் மட்டும் போகவில்லை. அப்புறம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு வந்த புதிய சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது என்று பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் துரைராசு சந்தோஷமாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொல்தான் இல்லை. 152 என்று வேறொரு எண் இருக்கிறது. ஆயுதக் கிளர்ச்சி, நாசவேலை, பிரிவினை உணர்வு, இவற்றைப் பேச்சாலோ எழுத்தாலோ தூண்டினால் ஏழு வருடம்வரை சிறை, அல்லது ஆயுள்.

பழைய பிரிவில் ஒரு விசித்திரம் உண்டு. அரசின் மேல் மக்களுக்கு வெறுப்பு வரச் செய்வது மட்டும் குற்றமில்லை. பற்று இல்லாமல் போகச் செய்வதும் குற்றம். அதாவது அரசாங்கத்தின் மேல் பாசம் வைக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. இதைப் பின்னால் சிறையில் துரைராசு செவ்வந்தியிடம் சொன்னபோது அவர், "பாசம்லாம் எதுக்கு சார், தண்ணி விட்டாப் போதும்" என்றார். ஆனால் அந்த இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

[தூண்டுதல் என்றால் விளக்குத் திரியைத் தூண்டுவதும்தான் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ரொம்ப அழகாக இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். ஒரு பெண் உள்ளே இருக்கும்போது எனக்கென்ன அழகு.]

முதல் தகவல் அறிக்கையில் செவ்வந்தி பேசிய வாக்கியம் அப்படியே இல்லை. "சட்டப்படி அமைந்த அரசை ஏற்கத் தேவையில்லை என்ற பொருள்படப் பேசி, ஆயுதங்களுடன் திரண்டு வருமாறு பொதுமக்களைத் தூண்டி" என்று போலீஸ் நடையில் எழுதியிருந்தது. ஆயுதம் என்றால் மண்வெட்டி. வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் படை திரட்டல். அரசை ஏற்கத் தேவையில்லை என்றால்? துரைராசுவுக்குச் சந்தேகமே இல்லை. அது அவருடைய ஆறாம் வரி.

அறிக்கையின் அடியில் இப்படியும் இருந்தது: "மேற்படி உரையை எழுதிக் கொடுத்துத் தூண்டியவர்: பெயர் தெரியாத நபர்."

6

"ஜாமீனை ஏன் எதிர்க்கிறாங்க தெரியுமா?" என்றார் கமருன்னிஸா. செவ்வந்திக்கும் அவர்தான் வக்கீல். "பின்னால இருந்து எழுதிக் குடுத்தது யாருன்னு தெரியணுமாம். அந்த ஆளு கிடைச்சா இந்தம்மா வெறுமனே வாசிச்சவங்க. திங்கட்கிழமையே வெளிய வந்துருவாங்க. கிடைக்கலன்னா எல்லாம் இவங்க தலைலதான்."

"செவ்வந்தி என்ன சொல்லுது?"

"நான்தான் எழுதினேன்னு சொல்றாங்க. யாரும் நம்பல."

துரைராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வேலை போகும், ஓய்வூதியம் போகும், பிள்ளைகள் எதிரே கை விலங்கோடு நிற்க வேண்டிவரும். இருந்தாலும், தன் ஒரு வரிக்காக அரசாங்கம் இவ்வளவு பதறுகிறது என்ற நினைப்பில், அந்தப் பயத்துக்கு நடுவிலும் மார்புக்குள் எங்கோ ஒரு மூலையில் இனித்தது. மறைப்பானேன், இனித்தது.

"நான் ஒத்துக்கறேன் மேடம்" என்றார்.

"அவசரப்படாதீங்க. மொதல்ல போய் அவங்களைப் பாருங்க. ஜெயில்ல பாக்கறதுக்கு மனு போட்டு வச்சிருக்கேன்."

7

திருச்சியில் பெண்கள் சிறை. வெள்ளிக்கிழமை பதினொரு மணி. இரண்டு கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி கத்தவில்லை. குரலை எங்கே வைத்தால் கூச்சலைத் தாண்டிப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

துரைராசு தயாரித்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். பயப்பட வேண்டாம், எழுதியது நான் என்று திங்கட்கிழமை சொல்லிவிடப் போகிறேன், இனி எனக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. முதல்முறையாக 'நீங்க' என்று சொன்னார்.

செவ்வந்தி கம்பிவலைக்கு நெருங்கி வந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எழுதிக் குடுத்ததை நான் படிக்கல."

"என்ன?"

"ஒரு தடவ படிச்சுப் பாத்தேன். ஆறாவது வரியில மூச்சு முட்டுது. ஒப்பந்தம், கிழித்தெறிகிறது… குழாய்ல அதெல்லாம் காத்தோட போயிரும் சார். ஆட்டோ நிக்காது. ஒரு வீட்டு வாசலைத் தாண்டறதுக்குள்ள ஒரு பேச்சு முடிஞ்சாகணும். இல்லன்னா முன் பாதி ஒரு வீட்டுக்கும் பின் பாதி அடுத்த வீட்டுக்கும் போகும். யாருக்கும் முழுசாப் போகாது. அதான் நானே போட்டுக்கிட்டேன்."

"என்னன்னு?"

அவர் சொன்னார். சிறையில், கூச்சலுக்கு நடுவே, குரலை உயர்த்தாமல்:

"தண்ணி விடாத கவருமெண்டு நமக்கு என்ன கவருமெண்டு? பூட்டு அவங்களுது, வாய்க்கா நம்மளுது. வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டியோட வந்துருங்க."

பக்கத்துக் கம்பியில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

துரைராசுவுக்கு முதலில் வந்தது நிம்மதி. தன் வரி இல்லை. தனக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த கணமே அந்த நிம்மதியை நினைத்து வெட்கம் வந்தது. மூன்றாவதாக வந்தது இன்னும் கேவலம்: தன் ஆறாம் வரியை யாருமே கேட்கவில்லை என்ற வருத்தம். முந்நூறு பேர் கிளம்பி வந்தது அதற்காக இல்லை. பத்து நாளாகத் தான் தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்ததற்கும் அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான்தான் எழுதினேன்' என்று செவ்வந்தி சொன்னபோது அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டது போலீஸ்காரர்கள் மட்டுமில்லை.

"ஸ்டேஷன்ல பதினேழு தடவ கேட்டாங்க சார், எழுதிக் குடுத்தது யாருன்னு. நான்தாங்கன்னு சொன்னா சிரிக்கிறாங்க. 'உனக்கு ஏது இந்த மூளை'ங்கறாங்க. இருவது வருஷமா இதே வேலைதானே செய்யறேன்."

"நான் சொல்லிட்டா நீங்க திங்கட்கிழமையே வெளிய வந்துரலாம்."

"வருவேன். வக்கீலம்மா சொன்னாங்க. வந்து? சார் எழுதுனதைப் படிச்சவன்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சைக் கேட்டுட்டு ஏழு ஊரு வந்துச்சு சார். என் ஆயுசுல நான் பேசி அப்படி ஒண்ணு நடந்ததில்ல. அதை நீங்க எடுத்துக்காதீங்க."

"வானதி?"

செவ்வந்தியின் கை கம்பியைப் பிடித்தது. "அழுவுறா. சும்மாதான் படிச்சேன்னு சொல்லிட்டு வந்துரும்மாங்கறா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நேத்து சொல்லிடலாம்னுகூட இருந்துச்சு." கம்பியிலிருந்து கையை எடுத்தார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க சார். கோர்ட்டுக்கு வாங்க. நான் வேற எழுதிக் குடுத்தேன், இவங்க பேசுனது இவங்களோடதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

காவலர் நேரமாயிற்று என்றார்.

8

வக்கீலிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நீங்க போய் அப்படிச் சாட்சி சொன்னீங்கன்னா, அரசுத் தரப்புக்கு வேற சாட்சியே வேண்டாம் சார்."

ஆகவே முடிவுகள்.

(அ) துரைராசு கூண்டேறி, எழுதியது தானே என்கிறார். செவ்வந்தி அன்று மாலையே ஆலங்கரைக்கு வருகிறார். வானதி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். துரைராசு கைதாகிறார்; 'டெல்டாவின் கலகக்குரல்' என்று நாலு பத்திரிகைகள் எழுதுகின்றன; இரண்டு தொகுதிகளும் மறுபதிப்பு வருகின்றன. எழுதிப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அதில் உள்ள கோளாறு.

(ஆ) துரைராசு உண்மையைச் சொல்கிறார். நீதிபதி செவ்வந்தியை நிமிர்ந்து பார்க்கிறார். முதல்முறையாக ஓர் அரசு ஆவணத்தில், இந்த வாக்கியம் இவருடையது என்று பதிவாகிறது. ஜாமீன் மனு தள்ளுபடி. அதன் பிறகு வானதியின் வீட்டு வாசல் வழியாகத் துரைராசு எப்படி—

(இ) பதிவில் இருப்பது யார் குரல் என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஏதோ குளறுபடி, வழக்கு நிற்கவில்லை, எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். இதை எழுதும்போது எனக்கே கை கூசியது.

(ஈ) துரைராசு எங்கும் போகவில்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒன்பதாம் வகுப்புக்குச் செய்யுள் நடத்துகிறார். [இது நடப்பதற்குத்தான் அதிக வாய்ப்பு. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.]

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கதையில் அந்த வாக்கியத்தைப் போடலாமா என்று, கம்பிக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி உள்ளே திரும்பும்போது கேட்டேன். "போடுங்க சார். என் பேரோட போடுங்க" என்றார். வாக்கியத்தைப் போட்டுவிட்டேன். பெயரை மாற்றுவதாக வக்கீல் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். செவ்வந்தி என்பது அவர் பெயரில்லை.

9

நாளை திங்கட்கிழமை. பத்தரைக்கு வழக்கைக் கூப்பிடுவார்கள். என் மேசைமேல் வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கிறது, 'மேற்படி உரையை எழுதியது நானே' என்று. பக்கத்தில் நானாகக் கையால் எழுதிய இன்னொன்று, 'அந்தப் பேச்சு அவருடையதே' என்று. இரண்டிலும் கையெழுத்து இல்லை. காலையிலிருந்து இவற்றைத் தொடாமல் இந்தக் கதையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

முடிக்காமல் உங்கள் கையில் கொடுப்பது தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்பீர்கள். தந்திரம்தான். ஆனால் நீங்களும் ஏழாம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல இனி உங்களுக்கும் வழியில்லை. துரைராசு வராமல் போனால், அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே சாட்சி நீங்கள்தான்.

வாருங்கள், இந்தப் பக்கம், கூண்டில் ஏறி நில்லுங்கள். இடது கைப்பக்கம் இரண்டு காவலர்களுக்கு நடுவே நிற்பவர்தான் அவர். உங்களையே பார்க்கிறார். பின்வரிசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவளும் உங்களையே பார்க்கிறாள். அரசு வக்கீலுக்குக் கேட்க இருப்பது ஒரே கேள்வி: "அந்த வாக்கியம் யாருடையது?"

துரைராசுவினுடையது என்றால் செவ்வந்தி வீட்டுக்குப் போவார், அவர் சொன்னது இனி அவருடையதாக இருக்காது. செவ்வந்தியினுடையது என்றால் அது அவருடையதாகவே இருக்கும், அவர் உள்ளே இருப்பார்.

சத்தமாகச் சொல்லுங்கள். தட்டச்சர் விசைகளில் கையை வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்.